நமக்கென்று ஒரு தனி வாசலா?



சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, இளைஞர் ஒருவர் வழுவழுப்பான தாளில் அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றை எங்கள் கையில் கொடுத்தார். சென்னைப் புறநகரில் எழவிருக்கும் அடுக்குமாடி வளாகத்தின் விளம்பரம் அது. வளாகத்துக்குள்ளேயே தொழுகைக் கூடம், பிள்ளைகளுக்கு மக்தப், பெண்களுக்குத் தனி உடற்பயிற்சி அறை, பக்ரீத் அன்று குர்பானிக்கென ஒதுக்கிய இடம், சுற்றிலும் உயர்ந்த மதில், ஒரே வாசல், அதில் இரவு பகலாகக் காவல். எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: நம்மவர்களுக்கு மட்டும்.

அன்று மாலையே மருமகன் தொலைபேசியில் அழைத்தார். அதே விளம்பரம் அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. "மாமா, முன்பணம் கட்டிவிடலாமா? இனி யாரிடமும் போய் நிற்க வேண்டாம்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருந்த களைப்பை நாங்கள் அறிவோம். உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறோம். இதைப் படித்துச் சகோதரர்கள் சிலர் சினம் கொள்ளலாம். கொள்ளட்டும்.

முதலில் காயத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். மகளும் மருமகனும் சென்னையில் வீடு தேடிய நான்கு மாதங்களில் மூன்று இடங்களில் கதவு மூடியது. முதல் இடத்தில் தரகர் வீட்டைக் காட்டினார், வாடகை பேசினார், பெயரைக் கேட்டார். மறுநாள் காலையில் "உரிமையாளரின் உறவினரே வருகிறாராம்" என்றார். இரண்டாவது இடத்தில் சங்கச் செயலாளர் மிகுந்த மரியாதையுடன் பேசினார். "தப்பா நினைக்காதீங்க, இங்கே எல்லாரும் சைவம்" என்றார். மருமகன், "நாங்களும் வீட்டுக்குள் சமைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கிறோம்" என்றபோது, செயலாளர் சிரித்துக்கொண்டே "அது மட்டும் இல்லீங்க" என்று நிறுத்திக்கொண்டார். மூன்றாவது இடத்தில் காரணமே சொல்லவில்லை. ஓர் இளைஞன் தன் மனைவியின் எதிரில் மூன்று முறை இப்படித் திருப்பி அனுப்பப்பட்டால், நான்காவது முறை மதில் சூழ்ந்த வளாகம் அவனுக்குச் சுவனம் போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

சட்டம் கைகொடுக்குமா என்று கேட்கலாம். அரசமைப்பின் 15ஆம் பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் மதத்தின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டின் அடுக்ககச் சட்டங்கள், 1994ஆம் ஆண்டினதும் அதன் பின்வந்த 2022ஆம் ஆண்டினதும், பொதுப் பகுதியின் பங்கு, பராமரிப்பு, உரிமையாளர் சங்கம் ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. பெயரைக் கேட்டுக் கதவை மூடுவது பற்றிய பேச்சு அவற்றின் நோக்கமன்று. இதற்கும் மேலாக, அகமதாபாத்தில் பார்சிகளுக்கான வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சி அல்லாதாரை உறுப்பினராக்க மறுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2005இல் சங்கத்தின் பக்கமே நின்றது. ஒரு சமூகத்தார் தமக்குள் சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். எனவே நம் துண்டறிக்கைக்காரர் சட்ட விரோதமாக எதுவும் செய்யவில்லை. அவருக்குச் சட்டம் தரும் அதே பாதுகாப்பைத்தான் நம் மருமகனைத் திருப்பி அனுப்பியவர்களும் அனுபவிக்கிறார்கள். இந்த ஒற்றுமை ஒன்றே நம்மை யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

"நம்மவர்" என்பவர் யார்? இந்தக் கேள்வியைத் துண்டறிக்கைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் ஆண்டு எல்லாரும் நம்மவராகவே இருப்பர். இரண்டாம் ஆண்டு தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் சங்கக் கூட்டத்தில் வேறு வேறு வரிசையில் அமர்வர். மூன்றாம் ஆண்டு, தொழுகைக் கூடத்தில் விரலை அசைப்பதா கூடாதா, தராவீஹ் எட்டா இருபதா, மௌலிது ஓதலாமா என்ற வழக்குகள் எழும். பிறகு தர்காவுக்குச் செல்வோர் ஒரு பக்கம், செல்லாதோர் ஒரு பக்கம். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று பெண் கொடுக்கும்போது எழும் கேள்விகள் வீடு விற்கும்போதும் எழும். ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல், இரண்டு பிறை, இரண்டு பெருநாள் கண்ட சமுதாயம் நாம். மதிலுக்குள் போனவுடன் ஒன்றாகிவிடுவோம் என்று நம்புவதற்கு நம் அனுபவத்தில் ஆதாரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. நம் ஊரிலேயே, நம் தெருவிலேயே, ஒரு தலித் குடும்பம் வாடகைக்கு வீடு கேட்டு வந்தது. கணவர் அரசுப் பணியில் இருந்தார், மனைவி ஆசிரியை. வீட்டுக்காரர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்பவர். அவர் சொன்ன பதில், சென்னைச் செயலாளர் எங்கள் மருமகனிடம் சொன்ன பதிலுக்கு உடன்பிறந்தது. அந்தக் குடும்பம் திரும்பிப் போனதைத் திண்ணையிலிருந்து பார்த்தவர்களில் நாங்களும் உண்டு. அன்று வாய் திறவாத எங்களுக்கு இன்று மகளுக்காக அழுவதற்கு எவ்வளவு உரிமை உண்டு என்பது தெரியவில்லை.

இனி மேல்சித்தாமூருக்கு வருகிறோம். திண்டிவனம்-செஞ்சிச் சாலையிலிருந்து உட்புறமாகத் திரும்பினால் வயல்களுக்கு நடுவே திடீரென்று உயர்ந்த கோபுரம் ஒன்று தெரியும். வெளியூர்க்காரர்கள் சிவன் கோயில் என்றோ பெருமாள் கோயில் என்றோ எண்ணுவார்கள். அது பார்சுவநாதர் கோயில். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இவ்வூரில்தான் இருக்கிறது; காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து இங்கே வந்தது என்பர். ஊரிலேயே மல்லிநாதர் கோயிலில் பெரும்பாறை ஒன்றில் பாகுபலி உள்ளிட்ட திருமேனிகள் செதுக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை அவற்றுக்கு உண்டு என்று வரலாற்றாளர் கணிக்கிறார்கள். சமணர்களை ஊரார் நயினார் என்று அழைப்பர். பெரும்பாலும் உழவர்கள். புலால் உண்ணார்; பழைய ஒழுங்கைக் காப்பவர்கள் பொழுது சாய்ந்தபின் சோறே உண்ணார். வடநாட்டிலிருந்து வந்து சென்னையில் குடியேறிய வணிகச் சமணர்களையும் சேர்த்து, 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் மொத்தம் ஒரு லட்சத்துக்கும் குறைவு. அவர்களோடு ஒப்பிட்டால் நாம் பெருங்கூட்டம்.

எங்களுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் நயினார். அவருடைய உறவினர் வீடு மேல்சித்தாமூரில். ஒரு ரமளான் மாதத்தில் அவருடன் அங்கே போக நேர்ந்தது. வேலை முடியவில்லை, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்த முதிய அம்மையார் அவசர அவசரமாக எல்லாருக்கும் இலை போட்டார். நாங்கள் நோன்பு என்பதை நண்பர் முன்பே சொல்லியிருந்தார் போலும். எங்களுக்கு இலை போடவில்லை, போடவில்லையே என்று சங்கடப்படவும் இல்லை. அவர்கள் உண்டு முடித்துக் கை கழுவி, அடுக்களையைத் துடைத்துவிட்டார்கள். அப்போது சூரியன் மறைந்தது. அந்த அம்மையார் ஒரு செம்பில் தண்ணீரும் தட்டில் வாழைப்பழமும் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். "எங்க நேரம் முடிஞ்சுது பாய், உங்க நேரம் ஆரம்பிக்குது, எடுத்துக்குங்க" என்றார். அவர்கள் உண்பதை நிறுத்தும் நொடியில் நாங்கள் உண்ணத் தொடங்கினோம். பிறகு மக்ரிப் தொழ இடம் கேட்டோம். கூடத்திலேயே ஒரு புதுப் பாயை விரித்துக் கொடுத்து, விளக்கைச் சற்று நகர்த்தி வைத்தார்கள்.

சென்னைச் செயலாளர் "இங்கே எல்லாரும் சைவம்" என்றாரே, அவரை அந்தக் கூடத்துக்கு அழைத்து வர வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. ஆயிரம் ஆண்டுச் சைவம் அங்கே இருந்தது. எறும்புக்கும் தீங்கு வராமல் விளக்கை நகர்த்தும் சைவம். அதற்குப் பாயின் பெயர் தீட்டாக இருக்கவில்லை. எனவே அடுக்ககங்களில் நம்மைத் தடுப்பது சைவ உணவு என்று நாமும் நம்பி, நம் பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்லி, சமணரையும் சைவ உணவினரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். தடுப்பது வேறு ஒன்று. அது சைவத்தின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் நண்பரின் மகனுக்கே சென்னையில் ஒரு வளாகத்தில், தமிழில் பேசுகிறாரே, இவர் எப்படிச் சமணராக இருக்க முடியும் என்ற சந்தேகம் எழுந்ததாம். அதைச் சொல்லி நண்பர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நயினார் மட்டும் தனித் தெருவில் வாழவில்லையா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் தனித் தெருக்களில் வாழவில்லையா?" என்று கேட்பீர்கள். வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். ஆனால் தெருவுக்குக் கதவில்லை. மீன்காரியும் வளையல்காரரும் தபால்காரரும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் குறுக்கே நடப்பது தெரு. பெயரைப் பதிவேட்டில் எழுதி, கைப்பேசியில் அனுமதி கேட்டு, அடையாள அட்டையைக் காட்டி நுழைவது தெருவன்று. தனியாக வாழ்வதும் அடைத்துக்கொண்டு வாழ்வதும் ஒன்றல்ல என்பதை அந்த ஊர்களின் பெரியவர்களே சொல்வார்கள்.

சமணர்களுக்கு மதில் கட்ட நம்மைவிட அதிகக் காரணம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் செஞ்சியை ஆண்ட நாயக்கர் ஒருவர் அவர்களைத் துன்புறுத்தியதாகவும், பலர் உயிரிழந்ததாகவும், எஞ்சியோர் திருநீறு பூசி மறைந்து வாழ்ந்ததாகவும், ஒருவர் உடையார்பாளையத்துக்குத் தப்பியோடிப் பின்னர் திரும்பி வந்து சமயத்தை நிலைநாட்டியதாகவும் நயினார்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களின் வழியினர் அதே வயல்களில், அதே ஊராரின் நடுவில் இன்றும் ஏர் பூட்டுகிறார்கள்.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரு பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அருகிலேயே ஒரு பழங்கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் துறந்ததைச் சொல்கிறது. நம் மார்க்கம் அப்படி உயிர் விடுவதை ஏற்பதில்லை. அதில் நமக்கு மயக்கம் வேண்டாம். நாங்கள் சொல்ல வருவது சொற்களைப் பற்றி. நோன்பு என்கிறோம், ரோஜா என்று சொல்வதைவிட அதிகமாக. அந்தச் சொல் நமக்கு முன்பே இம்மண்ணில் பலர் வாயில் பழகிய சொல். பள்ளி என்கிறோம். சமணத் துறவியர் தங்கிய குகைகளுக்கும் இருப்பிடங்களுக்கும் பள்ளி என்று பெயர். அவர்கள் அங்கே பாடம் சொன்னதால் பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளியாயிற்று. பின் வந்த நாம் அல்லாஹ்வின் இல்லத்துக்குப் பள்ளிவாசல் என்று பெயரிட்டோம். நயினார் என்ற அவர்களின் பெயரே நம்மிடம் நெய்னா முஹம்மது, நயினார் முஹம்மது என்று வழங்கவில்லையா? நம் முன்னோர் தமக்கென்று தனி வாசல் வைத்திருந்தால் இந்தச் சொற்கள் எந்த வழியாக உள்ளே வந்திருக்கும்?

செஞ்சிக் கோட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்று மட்டும். மகிழ்ச்சி. ஆனால் அன்றிலிருந்து ஒரு சாரார் அது மராட்டியருடையது என்கிறார்கள். அதற்குப் போட்டியாக நம் இளைஞர்கள் அது நவாபுகளுடையது என்று நிலைத்தகவல் போடுகிறார்கள். கோன்கள் தொடங்கி, விஜயநகர நாயக்கர், பீஜப்பூர் சுல்தானியர், 1677இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப்பின் 1698இல் முகலாயர், பிறகு புந்தேலர், ஆர்க்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று எல்லாரும் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். கோட்டைக்கே ஒற்றை உரிமையாளர் கிடையாது. நாம் அடுக்ககத்துக்குத் தேடுகிறோம்.

அந்தக் கோட்டையின் கதைகளில் மக்கள் எதை நினைவில் வைத்தார்கள் என்று பாருங்கள். 1714இல் நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட இளைஞன் தேஜ்சிங், நம் நாவில் தேசிங்கு ராஜன். அவன் கதையைக் கூத்தாகவும் பாட்டாகவும் இப்பக்கத்து ஊர்களில் விடிய விடியப் பாடினார்கள். ஐரோப்பியர் முழுக் கதையையும் பாட்டாலேயே நடத்தும் நாடகத்துக்கு ஆபரா என்று பெயரிட்டுப் பளிங்கு மாளிகைகள் கட்டினார்கள். நம்மவர் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அறுவடை முடிந்த வயலில் அதையே செய்தார்கள். அந்தக் கதையில் நவாப் எதிரிதான். ஆனால் நாயகனின் உயிர்த்தோழன் மாபத்துக்கான், முஸ்லிம். நிக்காஹ் பந்தலில் மாப்பிள்ளையாக அமர்ந்திருந்தவன், நண்பனுக்குப் போர் வந்தது என்ற செய்தி கேட்டதும் எழுந்து, நீலவேணி என்னும் குதிரையில் ஏறிப் போய் மடிந்தான் என்கிறது கதை. தேசிங்கு வணங்கிய சிங்கவரம் அரங்கநாதர் போருக்கு விடைகொடுக்க மனமின்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதையும் அதே கதை சொல்கிறது. வென்ற நவாப், மாண்டவனை மரியாதையுடன் தகனம் செய்வித்தார் என்றும், உடன்கட்டை ஏறிய அவன் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டை எழுந்தது என்றும் சொல்வர். நீலாம்பூண்டியில் மாபத்துக்கானின் அடக்கத்தலம் என்று ஓரிடத்தை ஊரார் காட்டுகிறார்கள்.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்று ஆய்வாளர் பிரிக்கட்டும். பாடியவர்களும் கேட்டவர்களும் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாத உழவர்கள். முஸ்லிம் ஒருவனைத் தோழனாக வைக்காமல் அவர்களுக்குக் கதை நிறைவடையவில்லை. அந்தக் கூத்தைக் கேட்க நம் வீட்டுச் சிறுவர்களும் வரப்பில் அமர்ந்திருந்தார்கள். இப்போது "அதெல்லாம் ஹராம்" என்று ஒரே சொல்லில் நாம் எழுந்து போய்விட்டோம். கூத்தில் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் எழுந்து போனபின் மாபத்துக்கானைப் பற்றிப் பாட யார் இருப்பார் என்பதையும் எண்ண வேண்டும்.

திரைப்படம் பற்றி நீட்டப் போவதில்லை. எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' 1960இல் வந்தது. அடுத்த ஆண்டு பீம்சிங் இயக்கத்தில் 'பாவ மன்னிப்பு' வந்தது. முஸ்லிம் வீட்டில் வளரும் பிள்ளையாகச் சிவாஜி, அதில் டி.எம்.சௌந்தரராஜனுடன் நாகூர் ஹனீபாவின் குரல். அந்தக் காலத்துத் திரையில் பாய் நல்லவராக மட்டுமே இருந்தார், சற்றுச் சலிப்பூட்டும் அளவுக்கு. பிறகு குண்டு வைப்பவராக மட்டுமே ஆனார். 2013இல் 'விஸ்வரூபம்' வெளியாக இருந்த வேளையில் நம் அமைப்புகள் பல திரண்டன, மாவட்டம்தோறும் தடை வந்தது, இரண்டு வாரம் கழித்துப் பிப்ரவரி 7ஆம் நாள் படம் வெளியாயிற்று. நம் மனம் புண்பட்டது உண்மை. ஆனால் அன்று அவ்வளவு விரைவாகக் கூடிய நாம், பாயைப் பற்றி ஒரு நல்ல கதை எழுத, ஓர் இளைஞனைத் திரைப்படக் கல்லூரிக்கு அனுப்ப அதற்குமுன் கூடினோமா, பின் கூடினோமா? அங்கும் வாசலுக்கு வெளியே நின்று கூச்சல் போட்டதோடு சரி.

விளையாட்டு வேறு விதம். அங்கே உள்ளே இருக்கிறோம், ஆனால் நம்மை எடைபோட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்தன்று அடுக்ககத்தின் பொதுக் கூடத்தில் பெரிய திரை வைத்தால், மருமகன் கைதட்டுவதை நான்கு பேர் கவனிக்கிறார்களாம். 2021இல் ஓர் ஆட்டம் தோற்றதற்கு முகமது ஷமியை என்ன பாடு படுத்தினார்கள்! 2023இல் அகமதாபாத்தில் ரிஸ்வான் ஆட்டமிழந்து திரும்பியபோது எழுந்த கூச்சலையும் கேட்டோம். அப்போதெல்லாம் நாங்கள் 1999 ஜனவரி 31ஐ நினைத்துக்கொள்வோம். அந்தத் தொடரைத் தடுக்க டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். சேப்பாக்கத்தில் முதுகுவலியோடு சச்சின் 136 எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. சில நிமிடம் அரங்கம் சிலைபோல் இருந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டது. அன்று எழுந்து நின்றவர்கள் யார்? மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பெரம்பூரிலும் நம் அண்டை வீடுகளில் வாழ்கிறவர்கள். அவர்களை விட்டுவிட்டுத்தான் மதிலுக்குள் போகப் போகிறோம்.

பெருநாள் அன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியது எங்கே? மஸ்ஜிதுந் நபவியில். நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து முடிக்கும் வரை மறைத்து நின்றார்கள். அடுக்ககத்தில் நம் பேரன் யாரோடு பந்து விளையாட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அனுமதி எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பாதுகாப்பு என்பார்கள். இதுவே கனமான வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அகமதாபாத்தின் ஜுஹாபுரா, கலவரத்துக்குக் கலவரம் வளர்ந்த பகுதி. 2002க்குப் பிறகு ஏழைகள் மட்டுமல்லாமல் நீதிபதிகளும் மருத்துவர்களும் வணிகர்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் எவரையும் குறை கூற நமக்குத் தகுதியில்லை. ஆனால் குல்பர்க் சொசைட்டியும் பெரும்பாலும் நம்மவர் வாழ்ந்த, மதில் சூழ்ந்த வளாகம்தான். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீடு அதில் இருந்ததால் அக்கம்பக்கத்தார் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். 2002 பிப்ரவரி 28இல் அங்கே 69 உயிர்கள் பறிபோயின. மதில் எதையும் தடுக்கவில்லை. கலந்து வாழ்ந்தவர்களும் அன்று கொல்லப்பட்டார்கள் என்பது உண்மைதான். ஆகவே கலந்து வாழ்ந்தால் ஆபத்தே இல்லை என்று நாங்கள் உறுதி கூறவில்லை. மதில் கட்டினால் ஆபத்து இல்லை என்று துண்டறிக்கைக்காரர் கூறும் உறுதியும் பொய் என்கிறோம். தமிழ்நாட்டில் நமக்கு இன்னும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஜுஹாபுராவுக்குப் போனவர்களில் பலருக்கு அது இருக்கவில்லை.

சிங்கப்பூரில் வாழும் நம் உறவினர்களைக் கேளுங்கள். அங்கே 1989 முதல் அரசு கட்டிய அடுக்ககங்களில் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச அளவு உண்டு. அந்த அளவு நிறைந்துவிட்டால் அதே இனத்தைச் சேர்ந்த வெளியார் வேற்றினத்தாரிடமிருந்து அங்கே வீடு வாங்க முடியாது. சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்குவோர் குறைந்து விலை இறங்குகிறது என்ற குறை அங்கே உண்டு, நியாயமான குறை. அப்படியொரு சட்டம் இங்கே வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் திருமணத்துக்கு வந்த உறவினர் ஒருவர், தன் மாடியில் எதிர்வீட்டுச் சீன மூதாட்டி நோன்புப் பெருநாளன்று ஆரஞ்சுப் பழங்களோடு கதவைத் தட்டுவதைச் சொன்னபோது, எங்கள் மகளின் முகத்தை நாங்கள் பார்த்தோம்.

அண்டை வீட்டார் உரிமை பற்றி ஜும்ஆ மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் நெருங்கிய அண்டை வீட்டாரோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டதை அறிவோம். தனி வளாகத்தில் குடியேறியபின் இந்தக் கட்டளையில் ஒரு பாதியை எப்படி நிறைவேற்றுவது? நிறைவேற்ற ஆளே இல்லாத இடத்தை விலை கொடுத்து வாங்குவதா?

கலந்து வாழ்வதென்றால் நம் பக்கத்திலும் சில திருந்த வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்தில் குர்பானி கொடுத்துவிட்டு இரத்தத்தை அரைகுறையாகக் கழுவி விடுவது, தோலை அடுத்த வீட்டு வாசலருகே கிடத்துவது, ஸஹர் நேரத்தில் மாடிப்படியில் உரக்கப் பேசுவது, பராமரிப்புக் கட்டணத்தை மூன்று மாதம் இழுத்தடிப்பது, சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாளும் போகாமல் எல்லா முடிவுக்குப் பின்னாலும் சதி இருப்பதாகப் பேசுவது. கூட்டத்துக்குப் போங்கள். பொருளாளர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள், கணக்கைச் சுத்தமாக வையுங்கள். "சைவம் மட்டும்" என்ற தீர்மானம் வந்தால் எழுந்து நின்று எதிர்த்து, உங்கள் எதிர்ப்பைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வாடகைக்கு விடும் வீடு உங்களிடம் இருந்தால், அடுத்து வரும் குடும்பத்திடம் பெயருக்குப் பின்னால் எதையும் தேடாதீர்கள். மதத்தையும் சாதியையும் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். தனி வளாகத்துக்குள் போன பிறகு அந்தச் சட்டத்தை எந்த முகத்தோடு கேட்பது?

இவ்வளவையும் மருமகனுக்கு எழுதி அனுப்பினோம். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் மகள் அழைத்தாள். நான்காவதாக ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம், பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடி. எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியர். பெயரைக் கேட்டார்களா என்றோம். கேட்டார்களாம். பிறகு மூன்றாவது மாடி வரை தண்ணீர்க் குடம் தூக்க முடியுமா என்றும் கேட்டார்களாம். "அத்தா, அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. முன்பணம் கட்ட வரும் வெள்ளிதான் கடைசி நாள்" என்றாள்.